'கணக்கு வராது' என்று சொல்ல வந்தால் போதும்

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்று பி2 நிலைக்கு (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஓரளவு சரளமாகப் பேசும் நிலை) வந்துவிட்ட மாணவர்களிடம் "கல்வியைப் பற்றிப் பேசுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "கல்வி மிகவும் முக்கியமானது. கல்வி இல்லாமல் முன்னேற முடியாது." அத்தோடு முடிந்தது, எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். சொல் போதவில்லை போலிருக்கிறது என்று ஆசிரியர் ஒரு பட்டியலை நீட்டுவார்: பாடத்திட்டம், மதிப்பீடு, திறன் மேம்பாடு, வாழ்நாள் கல்வி. அடுத்த வாரம் இன்னும் கனமான மேடைப்பேச்சு கிடைக்கும். உரையாடல் மட்டும் கிடைக்காது.

இந்த நிலையில் பெயர்ச்சொல்லுக்குப் பஞ்சமில்லை, வினைச்சொல்லுக்குத்தான். பரீட்சை எழுதுகிறோம், மார்க் வாங்குகிறோம், பாடம் நடத்துகிறோம், மனப்பாடம் செய்கிறோம், செய்ததை ஒப்பிக்கிறோம். ஆங்கிலம் வழியாக வந்தவர் "பரீட்சை எடுத்தேன்" என்பார். 'பரீட்சை' என்ற சொல்லைத் தனியாகக் கற்றதன் விளைவு அது. ஆகவே சொல் பழகும் அட்டையில் எழுதும்போதே பெயரையும் வினையையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு வகுப்புக்குப் பத்து ஜோடி போதும். இருபது கொடுத்தால் பேசும்போது ஐந்துகூட வாயில் வராது.

'படி' என்ற ஒரு வினைக்கு மட்டும் இருபது நிமிடம் ஒதுக்கலாம், தகும். பேப்பர் படிக்கிறார், பத்தாவது படிக்கிறாள், நன்றாகப் படிக்கிற பையன், படித்தவர்கள்: நான்கும் நான்கு பொருள். ஆனால் பெரும்பாலான வட்டாரங்களில் நீச்சலையும் சைக்கிளையும் 'படிப்பதில்லை', கற்றுக்கொள்கிறோம். 'படிக்க வைப்பது' பெற்றோர் வேலை, 'சொல்லிக்கொடுப்பது' ஆசிரியர் வேலை. "என் டீச்சர் என்னைப் படிக்க வைத்தார்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் டீச்சர் ஃபீஸ் கட்டினார் என்றே எடுத்துக்கொள்வார். இலங்கைத் தமிழ் கேட்டுப் பழகியவர் 'படிப்பிக்கிறார்' என்றால் திருத்த வேண்டாம், அது அங்கே இயல்பான சொல்.

அடுத்து 'வரும், வராது'. "எனக்குக் கணக்குத் தெரியாது" என்றால் கற்கவே இல்லை என்று ஆகிறது. "எனக்குக் கணக்கு வராது" என்றால் முட்டி மோதிப் பார்த்தும் பிடிபடவில்லை. பள்ளி அனுபவத்தைப் பேச இதைவிட உதவும் வாக்கியம் இல்லை. ஆளுக்கு ஒரு வரும், ஒரு வராது, கூடவே ஒரு காரணம்: ஐந்து நிமிடத்தில் வகுப்பு சூடாகிவிடும். பள்ளிக்காலத்தை நினைக்கவே விரும்பாதவர்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பற்றிச் சொன்னாலும் இலக்கணம் அதேதான்.

விவாதத்துக்குத் தலைப்பு கொடுக்காதீர்கள், முடிவெடுக்கும் வேலையைக் கொடுங்கள். 'வீட்டுப்பாடம் நல்லதா?' என்பது தலைப்பு. 'எட்டு வயதுக் குழந்தைக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டுப்பாடம், எந்தெந்தப் பாடத்தில்? மூவரும் ஒரே விடைக்கு வர வேண்டும்' என்பது வேலை. மூன்று பேர் குழு, பன்னிரண்டு நிமிடம். நான்கு பேரானால் ஒருவர் நைசாகக் கழன்றுகொள்வார். தொடங்கும் முன் இரண்டு நிமிடம் தனியாகக் குறிப்பெடுக்க விடுங்கள். வாக்கியமாக எழுத விடாதீர்கள், எழுதியதை வாசித்து முடித்துவிடுவார்கள்.

மறுத்துப் பேசும் இடத்தில்தான் பெரிய சறுக்கல். "எனது கருத்தில்", "நான் உங்களுடன் உடன்படவில்லை" என்று தொடங்கினால் மூவர் உட்கார்ந்து பேசும் இடம் நீதிமன்றம் ஆகிவிடும். என்னைக் கேட்டா, எனக்கென்னமோ அப்படித் தோணல, நீங்க சொல்றது சரிதான் ஆனா, அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது: இந்த நான்கு போதும். 'சரிதான்' என்பதில் உள்ள 'தான்' பாதி ஒப்புதல், மீதியை 'ஆனா' பிடுங்கிக்கொள்ளும். அந்த இழுவையை ஆசிரியர் பேசிக் காட்ட வேண்டும், எழுதிப் போட்டால் விளங்காது.

குழுக்கள் பேசும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். எட்டுப் பிழை குறித்துக்கொண்டு, முடிந்ததும் பலருக்குப் பொதுவான மூன்றை மட்டும் பலகையில் போட்டு அவர்களையே சரிசெய்ய விடுங்கள். பிறகு குழுவைக் கலைத்துப் போட்டு, அதே வேலையை எட்டு நிமிடத்தில் மறுபடி. நேரமில்லை என்று பலர் விட்டுவிடும் கட்டம் இது. எனக்கென்னமோ முதல் சுற்றைச் சுருக்கியாவது இதைச் செய்துவிட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. முதல் சுற்றில் என்ன சொல்வது என்று தேடியே நேரம் போயிருக்கும். இரண்டாவதில் சொல்ல வேண்டியது கையில் இருப்பதால், எப்படிச் சொல்வது என்பதில் கவனம் போகும்.

நேரம் மிஞ்சினால் ஒரு பழமொழி: அடியாத மாடு படியாது. மாடு எங்கே படிக்கப்போகிறது என்று கேட்பார்கள். இது படித்த 'படி' இல்லை, படிந்த 'படி', அதாவது பணிவது. இறந்தகாலத்தைச் சொல்லிக் காட்டியதும் புரிந்துவிடும். அடித்தால்தான் பிள்ளை படிக்கும் என்பதற்கு ஆதாரமாக இதைச் சொல்பவர்களுக்கு இரண்டு 'படி'யும் ஒன்றுதானா என்று கேட்டுவிட்டால், அடுத்த விவாதம் தானாகத் தொடங்கும்.

வீட்டு வேலையாக, குழு எடுத்த முடிவைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு 120 சொல்லில் கடிதமாக எழுதச் சொல்லலாம். வகுப்பில் 'கத்துக்கிட்டான்' என்றது இங்கே 'கற்றுக்கொண்டான்' ஆக வேண்டும், 'எனக்கென்னமோ' முழுதாகக் கழன்றுவிட வேண்டும். முதல் வரியில் 'தங்களின் மேலான கவனத்திற்கு' என்று எழுதி மூன்றாம் வரியில் 'சொல்லிட முடியாதுங்க' என்று இறங்கும் கடிதங்கள் நிறைய வரும். இரண்டு வண்ண மை எடுத்துப் பேச்சு வடிவத்தை ஒன்றாலும் எழுத்து வடிவத்தை இன்னொன்றாலும் அவர்களையே அடிக்கோடிடச் சொல்லுங்கள்.