தட்டான் படமெடுக்க ஒரு சட்டைப்பை கேமரா

காலை நடையில் கண்ணில் படும் தட்டான், பட்டாம்பூச்சி, சிலந்தி ஆகியவற்றைப் பதிவு செய்ய விரும்பும் ஒருவர், மாற்று லென்ஸ்களும் முக்காலியும் கொண்ட பெரிய கேமராவைச் சுமக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் அடங்கும் கேமராவே இனம் கண்டறியப் போதுமான படத்தைத் தரும்; பல நேரங்களில் அச்சிட்டு மாட்டத் தகுந்த படத்தையும் தரும். எந்தக் கேமராவை வாங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் மெகாபிக்சலையோ சூம் மடங்கையோ பார்த்து முடிவு செய்யக் கூடாது. சூமை முழுவதும் நீட்டிய பிறகு, எவ்வளவு கிட்டத்தில் இருக்கும் பொருள்வரை ஃபோகஸ் கிடைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விவரப்பட்டியலில் '1 செ.மீ. மேக்ரோ' (மிக அருகில் வைத்து எடுக்கும் முறை) என்று போட்டிருப்பார்கள். சூம் செய்யாத அகலக் கோணத்துக்கு மட்டுமே பெரும்பாலும் அது பொருந்தும். அசையாத பூவுக்கும் காளானுக்கும் அது நன்றாக உதவும். தட்டானிடம் அது செல்லாது. பெரிய தட்டான்களின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் 30,000 வரை சிறுகண்கள் உள்ளன; ஏறக்குறைய எல்லாத் திசைகளிலும் அதற்குப் பார்வை உண்டு. கை எட்டும் தூரத்துக்கு நாம் போவதற்கு முன்பே அது எழுந்து பறந்துவிடும். ஆகவே ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்றே எடுக்க வேண்டியிருக்கிறது. 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்) 720 மி.மீ. வரை நீளும் லென்ஸ், 2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 10 செ.மீ. இடம் அடங்கும். நம் வயல் ஓரங்களில் எங்கும் காணப்படும், பச்சையும் கறுப்பும் கலந்த ஆர்தெட்ரம் சபீனா என்ற தட்டான் சுமார் 5 செ.மீ. நீளம் இருப்பதால், படத்தில் பாதியை அது நிறைத்துவிடும். அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை விவரப்பட்டியலை நம்பி விட்டுவிடாமல், கடையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு 30 செ.மீ. அடிக்கோலை மேசையில் நிறுத்தி, சூமை முழுவதும் நீட்டி, ஷட்டரைப் பாதி அழுத்தியபடி ஃபோகஸ் பிடிக்கும் வரை பின்னால் நகர்ந்து பாருங்கள். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை செ.மீ. கோடுகள் தெரிகின்றனவோ, அதுதான் அந்தக் கேமராவின் உண்மையான தட்டான் திறன். 10 முதல் 12 செ.மீ.க்குள் இருந்தால் வாங்கலாம். 20 செ.மீ.க்கு மேல் போனால், வேறு எந்தச் சிறப்பு இருந்தாலும் இந்த வேலைக்கு அது ஏற்றதல்ல.

பானசோனிக்கின் டிஇசட் வரிசையில் வந்த டிஇசட்90, சோனி எச்எக்ஸ்99 இரண்டும் 24 முதல் 720 மி.மீ. வரை செல்பவை, இரண்டிலும் கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டர் உண்டு. 2018இல் வந்த கேனன் எஸ்எக்ஸ்740 இன்னும் நீண்டு 960 மி.மீ. வரை செல்லும்; ஆனால் அதில் வியூஃபைண்டர் இல்லை. என் கணிப்பில் அது பெரிய குறை. பத்து மணி வெயிலில் குளக்கரையில் நின்றால் பின்திரையில் நம் முகம்தான் தெரியும். கேமராவை நெற்றியோடு அணைத்துப் பிடித்தால் கை நடுக்கமும் குறையும். இவை மூன்றிலும் உள்ள சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்ட சிறியது. சோனி ஆர்எக்ஸ்100இல் உள்ள 1 அங்குல வகைச் சென்சார் பரப்பில் அதைப்போல் நான்கு மடங்கு. படத்தின் தரமும் அதற்கேற்ப உயர்வு. ஆனால் முதல் ஆர்எக்ஸ்100இன் லென்ஸ் 100 மி.மீ.யோடு நின்றுவிடுவதால், தட்டான் சிறிதாகவே விழும். தரம் குறைந்தாலும் நீளமான லென்ஸையே நான் தேர்வேன். வெளிச்சம் நன்றாக இருக்கும் காலையில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) 400க்குள் வைத்துக்கொண்டால் சிறிய சென்சாரும் ஏமாற்றாது.

ஒலிம்பஸின் டஃப் வரிசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019இல் வந்த டிஜி-6உம், ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் 2023இல் வந்த டிஜி-7உம் 100 மி.மீ.க்கு மேல் போகா. ஆனால் அவற்றின் மைக்ரோஸ்கோப் முறையில், சூம் செய்த நிலையிலும் லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை ஃபோகஸ் கிடைக்கும். 2 செ.மீ. அளவே உள்ள ஊசித்தட்டான்கள் புல்லில் அமர்ந்திருக்கும்போது, நிழல் விழாமல் மெதுவாகக் குனிந்து போனால் பெரும்பாலும் பறக்காமல் இருக்கும். அவற்றுக்கும், பனித்துளி படிந்து விறைத்திருக்கும் விடியற்காலைத் தட்டான்களுக்கும் இதை விஞ்சிய சட்டைப்பை கேமராவை நான் அறியேன். மழையில் நனைந்தாலும் கவலை இல்லை.

எந்தக் கேமராவானாலும் ஃபோகஸ் கட்டத்தைச் சிறியதாக்கி நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் மெல்லிய உடலை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள புல்லைப் பிடித்துக்கொள்ளும். ஆண் தட்டான் தன் எல்லையைச் சுற்றிவிட்டு அதே குச்சிக்குத் திரும்பும் வழக்கமுள்ளது. அது பறந்ததும் துரத்தாமல், அந்தக் குச்சியின் நுனியில் ஃபோகஸை நிறுத்திக் காத்திருங்கள். பழகுவதற்கு மிக எளிது கருங்கல் சுவரிலும் கிணற்றுக் கட்டிலும் இறக்கையைப் பரப்பி ஒட்டியிருக்கும் பிராடினோபைகா ஜெமினேட்டா என்ற தட்டான். கல்லின் புள்ளிகளே உடலிலும் இருப்பதால் கண்டுபிடிப்பதுதான் சிரமம். கண்டுவிட்டால் சுவருக்கு நேராக நின்று எடுக்கும்போது உடல், இறக்கை எல்லாமே ஒரே தளத்தில் தெளிவாக விழும். மழைக்கு முன் கூட்டமாகத் தாழப் பறக்கும் பாந்தாலா வகைத் தட்டான்களை இந்தக் கேமராக்களால் பறக்கும்போது எடுப்பது அரிது; மாலையில் அவை செடியில் தொங்கும் நேரத்துக்கு விட்டுவிடலாம்.

இனம் அறிய ஒரு படம் போதாது. பக்கவாட்டில் மார்புப் பகுதியின் கோடுகள், மேலிருந்து இறக்கையின் அடிப்பகுதி, வால் நுனியில் உள்ள சிறு உறுப்புகள் ஆகிய மூன்றும் தெரியும்படி எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இட்டால், அறிந்தவர்கள் பெயர் சொல்ல வழியுண்டு. பழைய கேமராவாக வாங்குவோர், வெள்ளைச் சுவரை முழுச் சூமில் எடுத்துப் பார்த்து, உள்ளே தூசுப் புள்ளி இருக்கிறதா என்று கட்டாயம் சோதிக்கவும். நீண்டு சுருங்கும் லென்ஸுக்குள் புகுந்த தூசியை எடுக்கக் கேமராவையே பிரிக்க வேண்டியிருக்கும்.