பாம்பன் துப்பறியும் கேம்: இதுவரை ஆன வேலை

அக்கா பிள்ளைகளுக்காக ஸ்கிராட்ச்சில் (பிள்ளைகளும் கேம் செய்யக்கூடிய எளிய புரோகிராமிங் மென்பொருள்) செய்துகொண்டிருக்கும் துப்பறியும் கேம் ஒருவழியாக முதல் திரையிலிருந்து கடைசித் திரைவரை ஓடுகிறது. கதை சின்னதுதான். பாம்பனில் ஒரு சங்குக் கடையில் இருந்த வலம்புரிச் சங்கு காணாமல் போகிறது. அந்த இடத்தில் யாரோ சாதாரண இடம்புரியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடை, டீக்கடை, மீன் ஏலம் நடக்கும் இடம், இரண்டு பக்கத்துக் கடற்கரை என்று சுற்றி மூன்று பேரை விசாரிக்கிறாள். கண்ணில் பட்டதைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சங்குக்கு ஒரே படம்தான் வரைந்தேன். வால் மேலே இருக்கும்படி பிடித்தால் வாய் இடப்பக்கம் இருப்பது இடம்புரி, வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. படத்தை இடவலமாகத் திருப்பிப்போட்டதும் அடுத்தது தயார். கடலுக்குள் வலம்புரி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் அதற்கு இத்தனை விலை இருக்காது.

குற்றவாளி ஒவ்வொரு ஆட்டத்திலும் மாற வேண்டும் என்ற ஆசை ஃப்ரெடி ஃபிஷ் விளையாடியதில் வந்தது. ரான் கில்பர்ட்டும் ஷெல்லி டேயும் 1992-ல் தொடங்கிய ஹியூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் எடுத்த, பிள்ளைகளுக்கான துப்பறியும் கேம் வரிசை அது. 1998-ல் வந்த மூன்றாவது கேமிலும் திருடு போவது சங்குதான். பழைய லேப்டாப்பில், இந்த மாதிரிப் பழைய கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் மென்பொருளைப் போட்டால் இன்றைக்கும் ஓடும். இதே கில்பர்ட் 1987-ல் செய்த மேனியாக் மேன்ஷனில் திற, மூடு, தள்ளு, இழு என்று திரையின் அடியில் வினைச்சொற்கள் வரிசையாக நிற்கும். பிள்ளைகளுக்கான கேமில் அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே தட்டலில் முடித்தார்கள். தோற்றுப்போவது என்பதும் கிடையாது. இந்த இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஆனால் குற்றவாளி மாறினால் மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பேச்சு எழுத வேண்டும், அத்தனைக்கும் அக்கா குரல் கொடுக்க வேண்டும். அடுப்படி வேலைக்கு நடுவே அவள் ஒருமுறை பேசிக்கொடுத்ததே பெரிய விஷயம். அதனால் பேச்சைத் தொடாமல் மாதத்தை மாற்றிவிட்டேன்.

பாம்பனுக்குத் தெற்கே இருப்பது தென்கடல் (மன்னார் வளைகுடா), வடக்கே இருப்பது வடகடல் (பாக் நீரிணை). முதல் ஆள், "ராத்திரி முழுக்க தென்கடல்ல வலை விட்டுக் கிடந்தேன்" என்பார். இரண்டாவது ஆள், "நான் வடகடல்ல கிடந்தேன்" என்பார். மூன்றாவது ஆள் மீன் வியாபாரி. விசைப்படகு கரைக்கு வரும்வரை காத்திருந்து மீன் எடுத்ததாகச் சொல்வார். ஆட்டம் தொடங்கும்போது 1 முதல் 3 வரை ஏதோ ஓர் எண்ணைக் கேம் தானாக எடுத்துக்கொள்ளும். அதற்கேற்ப டீக்கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் ஆடி, மார்கழி, சித்திரை என்று மாறும். ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துத் தென்கடல் கொந்தளிக்கும், முதல் ஆள் மாட்டுவார். மார்கழியில் வாடைக் காற்று, வடகடல் ஆகாது, இரண்டாவது ஆள் மாட்டுவார். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வியாபாரியின் கதை அங்கேயே கிழிந்துவிடும். ஒரு மாதத்தில் பொய்யாக இருக்கும் அதே பேச்சு மற்ற இரண்டு மாதத்திலும் உண்மை.

அக்கா மகள் ஆடி காலண்டரைப் பார்த்த கையோடு, "ஆடியில தென்கடலுக்கு யாரு மாமா வள்ளத்த இறக்குவா?" என்று ஆளைக் காட்டிவிட்டாள். லீவுக்கு மதுரையிலிருந்து வந்திருந்த பையனுக்குக் கடல் எல்லாம் ஒன்றுதான். மூன்று பேரையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு பாட்டியை உட்கார்த்தி விளக்கம் சொல்லவைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. விரலில் துணி சுற்றிக்கொண்டு கடற்பாசி எடுக்கப்போகும் பாட்டியின் படம்கூடத் தயாராக இருந்தது. பிள்ளைகள் கேமில் பாட்டி பாடம் எடுப்பதைப் போல அலுப்பான விஷயம் வேறில்லை. அதனால் துப்பைப் படத்துக்குள்ளேயே வைத்தேன். ஆடியென்றால் தென்கரையில் ஒரு வள்ளம்கூட இருக்காது, எல்லாம் வடகரையில் கிடக்கும். மார்கழியில் நேர்மாறு. சித்திரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்க, ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார். மதுரைப் பையன் அடுத்த ஆட்டத்தில், "இந்தப் பக்கம் போட்டே இல்லையே, இவர் எதுல போனாராம்?" என்று கேட்டான். பாட்டி பாசி மூட்டையோடு ஓரமாக நடந்துபோகிறார், பேசுவதில்லை.

குருட்டாம்போக்கில் ஆளைக் காட்டித் தப்பிக்கவும் வழி வைக்கவில்லை. எந்தப் பேச்சு பொய் என்று எடுத்து, அதன்மேல் சாட்சியை இழுத்துப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார், ஆட்டம் தொடரும்.

ஸ்கிராட்ச்சில் வலை வரைபவர்கள் கவனிக்க: படத்தில் நிறம் இருக்கும் இடத்தைத் தட்டினால்தான் அது தட்டலாகக் கணக்காகும். வெறும் நூலாக வலை வரைந்தால் குழந்தையின் விரல் கண்ணிக்குள் விழும், ஒன்றும் நடக்காது. கண்ணிகளுக்குள் மணல் நிறத்தையே பூசிவிட்டால் சரியாகிவிடும்.

இத்தனைக்கும் பிள்ளைகள் அதிகம் தட்டுவது பின்னால் இருக்கும் பாம்பன் ரயில் பாலத்தைத்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் எனக்கு வசதி. நடுவில் உள்ள 72.5 மீட்டர் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே எழும்புவதால், படத்தை நேராக மேலே நகர்த்தினால் போதும். பழைய பாலம் ஓடிய காலத்தில் இரண்டு கையாகப் பிரிந்து தூக்கியது; அதற்குப் படத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் சுழலும் மையத்தையும் அடிப்பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். அக்கா மகளுக்கு அதுவும் வேண்டுமாம். சங்கு கிடைத்த பிறகு வரும் கடைசித் திரையில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் ஏலக் காட்சிக்குச் சத்தம் பதிவுபண்ண வேண்டும்.