டிக்சோனியா அன்டார்க்டிகா: எட்டாம் மாதத்தில் முதல் இலை

டாஸ்மேனியா மழைக்காட்டு மரப்பெரணி, விதைக்குப் பதில் பெரணி உதிர்க்கும் நுண்தூளான ஸ்போரிலிருந்து. ஆறாவது வாரமே டப்பா முழுக்கப் பச்சை. அதன் பிறகு ஐந்து மாதம் அசையவே இல்லை. ஸ்போர் முளைத்து வரும் இதய வடிவச் சிறு பச்சைத் தகடுகள், அதாவது புரோதாலஸ்கள், பெருத்துக்கொண்டே போயின, ஒரு இலைகூட எழும்பவில்லை. பூஞ்சை கிடையாது, 18 டிகிரி, மூடியில் எந்நேரமும் நீர்த்துளி. பிறகென்ன கேடு?

முதல் கேடு நெருக்கம். கத்தி நுனியளவு தூளே தாராளம். கால் தேக்கரண்டி கொட்டியது பேராசை. நெருக்கி முளைத்தவை பெரும்பாலும் ஆணாகவே நின்றுவிடும். அடுத்தது தண்ணீர். முட்டைக்கலம் இருப்பது புரோதாலஸின் அடிப்பக்கம், இதயத்தின் பள்ளத்தை ஒட்டி. விந்தணு அங்கே நீந்திப் போய்ச் சேர்ந்தால்தான் இலை எழும்பும். மேலே ஸ்பிரே அடித்தால் துளி முத்து முத்தாக மேலேயே உட்கார்ந்துவிடும், அடியில் எட்டாது.

இடுக்கியால் 5 மி.மீ. திட்டுகளாகப் பிய்த்து, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த பீட்டில் (மக்கிய பாசி ஊடகம்) 2 செ.மீ. இடைவெளியில் வைத்தாயிற்று. வேரிழை கீழே இருக்க வேண்டும், அழுத்தினால் அழுகும். பிறகு டப்பாவை, கொதித்து ஆறிய நீருள்ள தட்டில் இறக்கி, நீர் கீழிருந்து ஏறி மேற்பரப்பு பளபளக்கும்வரை விட்டு, ஒரு மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை. ஐந்தாம் வாரம் பள்ளத்தருகே 3 மி.மீ. உயரத்தில் விசிறி மாதிரி ஒன்று. மரப்பெரணி இலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை, ஆனால் அதுதான்.

விலைக்கு வரும் ஸ்போர் பொட்டலங்களில் பாதி வெறும் உமி. மடித்த காகிதத்தில் கொட்டி, சாய்த்துத் தட்டினால் உமி முதலில் சரியும். காகிதத்தோடு ஒட்டி நிற்கும் நுண்தூள்தான் சரக்கு.

இது முடியும் முன்பே அடுத்த ஆசை: பழைய மரப்பெரணித் தண்டுத் துண்டில் ஹைமனோஃபில்லம் என்னும் மெல்லேட்டுப் பெரணி. இலை ஒரே செல் கனம், இலைத்துளையே இல்லை. காற்று சற்று உலர்ந்தால் சுருண்டுவிடும். டாஸ்மேனியாவில் வெட்டிய தண்டுக்கு அரசு அடையாளச் சீட்டு கட்டாயம், சீட்டில்லாததைத் தொட வேண்டாம். அதே தண்டில் வளரும் ட்மெசிப்டெரிஸ் என்னும் பெரணியினச் செடி மீதும் ஒரு கண். அதன் புரோதாலஸுக்குப் பச்சையமே கிடையாது, பூஞ்சைதான் ஊட்டுகிறது. ஸ்போர் தூவிப் பயனில்லை. தண்டோடு சேர்ந்து வந்தால் உண்டு.

இப்போதைக்கு மூடி திறக்கக் கூடாது. மூன்றாம் இலை வந்த பிறகு, முதல் வாரம் ஒரு தீக்குச்சி கனத்துக்கு மட்டும் இடைவெளி.