கூத்துமாட நாட்குறிப்பு: பிப்ரவரி – மார்ச்

பிப்ரவரி 6

அறுவைச் சிகிச்சை முடிந்தது. பெரியப்பா பேசக்கூடாது என்கிறார்கள். இனிப் பேசுவாரா என்று கேட்டதற்கு, பொறுத்துப் பார்க்கலாம் என்பதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 8

சிலேட்டில் அவர் எழுதிய முதல் வரி, "கும்பமாதக் கூத்துக்கு மாடத்தில் யார்?" என்பதுதான். (கும்பமாதம் என்றால் மாசி; மாடம் என்றால் கோயிலில் கூத்து நடக்கும் மேடை.) தம்பி இருக்கிறானே என்றேன். அவர் தலையசைக்கவில்லை. தம்பிக்குப் பாட்டு முழுவதும் நெட்டுரு. பாவை பிடிக்கவும் தெரியும். ஆனால் திரையில் தோல்பாவைகளின் நிழலை ஆட்டி இராமாயணம் சொல்லும் எங்கள் தோல்பாவைக் கூத்தில் பாட்டு என்பது தொடக்கம் மட்டுமே. கம்பர் பாட்டு ஒன்றைப் பாடி நிறுத்தி, அதைச் சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கணம் காட்டி, புராணத்துக்குள் புகுந்து, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் பொருள் சொல்லி, மறுபடியும் போர்க்களத்துக்கு வந்து சேர்வதற்குள் சில இரவுகளில் அரைமணி நேரம் கடந்துவிடும். அந்தப் பழக்கம் தம்பிக்கு இன்னும் கைவரவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 11

பாலக்காட்டுச் சித்தூரின் அரங்கில் மே மாதம் நடத்தவிருக்கும் நிகழ்ச்சியைப் பற்றித் தம்பியும் அவனுடைய பொறியாளர் நண்பரும் விரிவாகச் சொன்னார்கள். பெரியப்பாவின் பழைய கேசட்டுகளைக் கணினிக்குக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவால் அவருடைய குரலையே மீண்டும் உண்டாக்கப் போகிறார்கள். பாவைகளைச் சிறு மோட்டார்கள் அசைக்கும். திரைக்குப் பின்னால் எண்ணெய் விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகள் எரியும். எனக்கு இதில் வெறுப்பு இல்லை. 2021-இல் தோல்பாவைக் கூத்துக் கலைஞர் இராமச்சந்திரப் புலவரின் குடும்பத்தார் திருச்சூர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இயந்திரத்தால் ஆடும் தோல்பாவைகளை உருவாக்கியபோது பெரியப்பா அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கைதானே அசைகிறது, அதை மோட்டார் அசைத்தால் இராமனுக்கு என்ன குறைந்துவிடும் என்றார். குரலைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை.

கேசட்டுகளிலிருந்து கணினி எழுதித் தரும் பாடத்தைச் சரிபார்ப்பது என் வேலை. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் என் தலையில் விழுந்தது என்றாலும், விருப்பத்தோடுதான் ஏற்றுக்கொண்டேன்.

பிப்ரவரி 13

சம்புகுமாரனைக் காணவில்லை.

சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரனை இலக்குவன் அறியாமல் வெட்டிவிடும் கதை அச்சில் உள்ள கம்பராமாயணத்தில் கிடையாது. எங்கள் கூத்துப் பாடமான ஆடல்பற்றில் உண்டு. தவத்தில் இருந்த பிள்ளை போய்விட்டான் என்று அறிந்த தாயாகத்தான் எங்கள் சூர்ப்பணகை பஞ்சவடிக்குள் நுழைகிறாள். பெரியப்பா அந்த இடத்துக்கு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அரக்கியென்று அவளை ஒரு தடவைகூடச் சொல்லாமல், பெற்றவள் பெற்றவள் என்றே சொல்லிக்கொண்டு போவார். கணினியோ, கேசட்டில் தெளிவில்லாத இடங்களை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டு நிரப்பிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பாட்டுக்கு ஒப்பு எங்கும் கிடைக்காததால், பக்கத்தில் எது இருக்கிறதென்று தேடி, மூக்கறுக்கும் பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. பிள்ளை இறந்த செய்தி போய்விட்டது. காமத்தால் வந்து மூக்கறுபட்டவள் மட்டும் மிஞ்சியிருக்கிறாள். எழுத்துப்பிழை என்றால் திருத்திவிட்டுப் போய்விடலாம். இது ஒரு தாயின் துக்கத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்ட காரியம். எடுத்த இடமும் தெரியாதபடி அவ்வளவு செம்மையாக, சந்தி பிசகாமல், சீர் பிரித்து எழுதித் தந்திருக்கிறது. ஆடல்பற்றை முன்னரே அறியாத ஒருவர் இதைப் படித்தால் ஐயப்படுவதற்கு ஒரு காரணமும் இராது.

இன்னும் எத்தனை இடங்களில் இப்படி நடந்திருக்கிறது? கூத்து நடத்தும் புலவர்கள் வாய்வழியாகவும் ஏட்டுவழியாகவும் வைத்துக்கொண்ட பாடங்களில் பல, அச்சுப் பாடத்திலிருந்து ஒரு சீர், அரை அடி என்று விலகி நிற்பவை. அவை எல்லாம் பிழை என்றா அதற்குத் தோன்றும்?

பிப்ரவரி 14

எல்லாக் கேசட்டுகளையும் முதலிலிருந்து என் காதாலேயே கேட்பது என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 18

விளக்கு ஒத்திகைக்குப் போயிருந்தேன். மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி, கோயில் மாடத்தில் கட்டுவதுபோலவே ஆயப்புடவை என்னும் திரையைக் கட்டியிருந்தார்கள். சுடர் நடுங்குவதுபோல் எல்.இ.டி. விளக்குகளையும் நடுங்க வைத்திருந்தார் பொறியாளர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை. வெகுநேரம் பார்த்த பிறகுதான் விளங்கியது. மாடத்தில் 21 தேங்காய் மூடிகளில் எரியும் திரிகள் தனித்தனியே நடுங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் கீழைக்காற்று மாடத்தின் ஓரத்தில் புகுந்தால், முதல் சுடர் சாயும், அது நிமிர்வதற்குள் அடுத்தது சாயும், அப்படியே கடைசி விளக்குவரை அந்தச் சாய்வு ஓடும்; 42 அடித் திரையில் நிற்கும் சேனை முழுவதும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் அசைந்து கொடுக்கும். இங்கே ஒவ்வொரு விளக்கும் தன் போக்கில் நடுங்கிக்கொண்டிருந்தது. சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து, ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் இடையே சிறிது தாமதம் வரும்படி மாற்றினார். வெளியே காற்றை அளக்கும் கருவி ஒன்றை வைத்து, உண்மையான காற்று வீசும்போது மட்டும் விளக்குகள் சாயும்படி செய்யலாம் என்றும் சொன்னார். இராவணனின் தலைகள் வரிசையாக அசைந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

பிப்ரவரி 19

நேற்றைய மகிழ்ச்சி இன்னும் இருக்கிறது. 2016-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, இன்டெல் நிறுவனத்தின் துணையோடு நடத்திய 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தைப் பற்றிப் பொறியாளர் சொல்லிக்கொண்டிருந்தார். ஏரியல் என்ற காற்றுத் தேவதையாக நடித்தவரின் உடையில் உணரிகள் இருந்தன. அவர் கையை உயர்த்தினால் மேடைக்கு மேலே ஒளியாலான உருவமும் அந்தக் கணமே கையை உயர்த்தியது. மறைவில் நின்றுகொண்டு ஓர் உருவத்தை ஆட்டுவிப்பது பாவைக்கூத்துக்காரருக்கு அந்நியமானதா என்ன? ஆனால் அங்கே நடிகர் மேடையிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எங்கள் திட்டத்தில் திரைக்குப் பின்னால் யார் நிற்கப் போகிறார்கள் என்று கேட்டேன். தம்பி பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 24

மருத்துவமனையில் பெரியப்பாவுக்கு அந்தக் குரலைப் போட்டுக் காட்டினோம். அவருடைய குரல்தான். ழகரம் அப்படியே இருந்தது. அடியின் முடிவில் லேசாகக் கமறுவதும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், பொருள் சொல்லும் பகுதி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். சிலேட்டில் எழுதினார்: "கண்ணு, உடன் நிற்பவன் எங்கே?"

மாடத்தில் ஒரு புலவர் பொருள் சொல்லி ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது, உடன் நிற்பவர் "ஆ…" என்று நீட்டி அதை ஏற்றுக்கொள்வார். அந்த நீட்டலில்தான் முதலாமவர் மூச்சு வாங்குவார், அடுத்ததை எண்ணுவார். சில வேளைகளில் உடன் நிற்பவர் ஏற்காமல் எதிர்க்கேள்வி போடுவார்; அங்கிருந்து வாதம் தொடங்கும். குரலைப் பிரித்தெடுப்பதற்காகக் கேசட்டைத் தூய்மை செய்தபோது அந்த நீட்டல்களை எல்லாம் இரைச்சல் என்று நீக்கியிருக்கிறார்கள்.

அந்த நீட்டல் என் அப்பாவுடையது. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

பிப்ரவரி 25

தூக்கமில்லை. தூய்மை செய்வதற்கு முந்தைய கோப்புகள் இருக்கின்றனவா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 26

இருக்கின்றன.

மார்ச் 3

கொங்கன்படைத் திருவிழாவுக்காகச் சித்தூரில் கூட்டம் நெரிகிறது. பேருந்து வெகுநேரம் நகரவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து தம்பிக்கு நீண்ட கடிதம் எழுதினேன். மோட்டாரும் விளக்கும் இருக்கட்டும், சம்புகுமாரன் இரவை அவனும் இன்னொருவரும் நேரில் நின்று பொருள் சொல்லட்டும், பெரியப்பாவின் குரல் பாட்டுக்கு மட்டும் வரட்டும் என்று கேட்டிருக்கிறேன். பாட்டு மாறாதது, இயந்திரம் அதை வைத்துக்கொள்ளலாம். பொருள், கேட்டு நிற்பவர் ஒருவர் இருந்தால்தான் பிறக்கும்.

மார்ச் 5

கோயில் கூத்து தொடங்கிவிட்டது. அருள்வந்து ஆடும் வெளிச்சப்பாடு கொண்டுவந்த விளக்கிலிருந்து திரிகள் ஏற்றப்பட்டன. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவணவதத்தைக் காணாமல் போன பத்திரகாளிக்காக ஆடுவது இது. நடுஇரவுக்குப் பிறகு மாடத்துக்கு எதிரே நானும் உறங்கிவிட்ட ஒரு முதியவரும் மட்டுமே இருந்தோம். தம்பி தடுமாறினான். ஓரிடத்தில் உடன் நின்றவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல், இராமாயணத்தை விட்டுவிட்டு வெகுதூரம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். அரங்கத்தில் அப்படி நடந்தால் மக்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அவன் பயப்படுவது நியாயம்தான். இங்கே எழுந்து போவதற்கு யாருமில்லை.

மார்ச் 8

கடிதத்துக்குத் தம்பி ஒத்துக்கொண்டான். பொருளை நேரில் சொல்வார்கள். உடன் நிற்பதற்கு ஒங்கல்லூரிலிருந்து ஒரு மாமாவை அழைக்கிறார்கள். பொறியாளர் வேறொன்று கேட்கிறார். அப்பாவின் நீட்டல்களைத் தனியே எடுத்து, தம்பி வாக்கியத்தை முடிக்கும் இடத்தைக் கணினியே கண்டுகொண்டு ஒலிக்கச் செய்யலாமாம். செய்ய முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தம்பி தவறாகப் பொருள் சொன்னாலும் அப்பா "ஆ" என்று ஏற்றுக்கொண்டுவிடுவாரே. வேண்டாம் என்று எழுதத் தொடங்கி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டுமாம்.