வின்ச் ஷாஃப்ட் மூணாவது தடவையில செட் ஆச்சு, கோளாறு கிரீஸ்ல தான்

ஒரு வழியா இன்னைக்கு சாயந்தரம் பெவல் கியர் (கூம்பு மாதிரி பல்சக்கரம்) ஷாஃப்ட் ஒழுங்கா உக்காந்துடுச்சு. புல்டோசர் பின்னாடி மாட்டுற பழைய வின்ச் (கயிறு சுத்தி பாரம் இழுக்கிற மெஷின்), ரெண்டு பக்கமும் டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு மாதிரி ரோலர் வெச்சது), கேஸ் முழுக்க கியர் ஆயில்ல ஓடுறது. பிரிக்கிறது கழுவுறதெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடறேன்.

வீல் பேரிங்குக்கு செய்யிற பழக்கத்துல முதல்ல உள்ளங்கையில கிரீஸ் வெச்சு கோன்ல (பேரிங்கோட உள் வளையமும் ரோலரும் சேர்ந்த பாகம்) நல்லா அடைச்சு மாட்டினேன். ஷிம் (இறுக்கத்த சரி பண்ற மெல்லிய தகடு) ஒவ்வொண்ணா எடுத்து, ஷாஃப்ட்ல நூல் சுத்தி ஸ்பிரிங் தராசால இழுத்துப் பாத்தா மேனுவல்ல சொன்ன 2 கிலோ கரெக்டா வந்துச்சு, சந்தோஷமா போல்ட் முறுக்கிட்டு வந்துட்டேன். மறுநாள் கியர் பல்லு எங்க படுதுன்னு பாக்க ஷாஃப்ட்ட அம்பது அறுபது சுத்து கையால சுத்தினேன், சும்மா திரும்ப இழுத்துப் பாத்தா 600 கிராம் தான் காட்டுது! டயல் கேஜ் வெச்சு நெம்பினா 0.05 மி.மீ. ஆட்டம். பிரீலோட் (ஆட்டமே இல்லாம பேரிங்க முன்கூட்டியே இறுக்கி வெக்கிறது) இருக்க வேண்டிய இடத்துல ஆட்டம்னா வயிறு கலங்கிடும்.

தராசு காட்டினது பேரிங்கோட இறுக்கத்த இல்ல, ரோலர் கிரீஸ்ல உழுதுட்டுப் போற பாரத்த. சுத்தச் சுத்த கிரீஸ் ஓரமா ஒதுங்கிடும், இழுவை இறங்கிடும். ரெண்டாவது தடவை துணியால துடைச்சா போதும்னு விட்டேன், ரோலர பிடிச்சு வெச்சிருக்கிற கூண்டுக்குள்ள தங்கின கிரீஸே மறுபடி ஏமாத்திடுச்சு.

மூணாவதா டீசல்ல ஊற வெச்சு சுத்தமா கழுவி, கையால பிடிச்சுக்கிட்டு ஏர் அடிச்சுக் காய வெச்சேன் (ஏர்ல சுத்த விடாதீங்க, காஞ்ச ரோலர் வழுக்கி ரேஸ்ல (ரோலர் ஓடுற பாதை) கோடு போட்டுடும்). அப்புறம் கேஸ்ல ஊத்தப் போற அதே கியர் ஆயில். எங்க ஊத்துறோம்ங்கிறது முக்கியம். டேப்பர் பேரிங் சுத்தும்போது ஆயில சின்ன பக்கத்துல இருந்து பெரிய பக்கத்துக்குத் தானா தள்ளும், அதனால கோனோட சின்ன பக்கத்துல ஊத்தி மெதுவா சுத்துங்க, பெரிய பக்கத்துல ரோலர் தலை வந்து மோதுற அந்த விளிம்பு ஈரமா மினுக்குற வரைக்கும். மத்த இடத்துல ரோலர் உருளுது, அந்த விளிம்புல மட்டும் தேய்ச்சுக்கிட்டே போகுது, வறண்டா முதல்ல அங்க தான் தீஞ்சு நீலம் பாயும். என் பழைய கோன்ல அந்த நீலம் கோடு மாதிரி அப்படியே இருந்துச்சு.

கோன சூடு பண்ணி இறக்குறவங்க 110 டிகிரியோட நிறுத்திக்கங்க, ஆறினப்புறம் ஷாஃப்ட்டோட தோள்ல ஒட்டி நிக்குதான்னு ஃபீலர் கேஜ் (இடைவெளி பாக்குற மெல்லிய தகடு) விட்டுப் பாத்துட்டு மறுபடி ஆயில் விடணும். போல்ட் முறுக்கும்போது ஷாஃப்ட்ட சுத்திக்கிட்டே இருக்கணும், சீல் மாட்டாம அளக்கணும், முதல் வெடுக்க விட்டுட்டு ஒரே சீரா இழுக்கும்போது வர்ற அளவத் தான் எடுக்கணும். இப்ப 2 கிலோ, நூறு சுத்துக்கு அப்புறமும் கிட்டத்தட்ட அதே தான்!

புது பேரிங் வாங்குனவங்க அதுல வர்ற பாதுகாப்பு ஆயில கழுவ வேண்டாம், நான் கழுவினது கிரீஸ் போட்டு வெச்சதால. அப்புறம் கப்பும் (பேரிங்கோட வெளி வளையம்) கோனும் தனித்தனி நம்பர், ஒரு கடைக்காரர் வேற நம்பர் கப்ப ரெண்டும் ஒண்ணு தான்னு குடுத்தாரு, வெர்னியர் எடுத்துட்டுப் போனதால தப்பிச்சேன்.

டிரம்மோட வெளிப் பேரிங் மட்டும் நிப்பிள் வழியா கிரீஸ் வாங்குறது, அதுல பாதி அளவுக்கு மேல கிரீஸ் கன்ன அழுத்த மாட்டேன், சீல் பிதுங்கினா கிரீஸ் நேரா பிரேக் லைனிங்ல போய் உக்காரும். லைனிங் ரிவெட் அடிக்கிற வேலையும் பாக்கி இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி ஐட்லர்ல (நடுவுல சுத்துற கியர்) இருக்கிற வெண்கல புஷ்ஷுக்காக ஜிஎல்-4 ஆயில் (கியர் ஆயில்ல ஒரு தரம்) தேடணும், கைவசம் இருக்கிறது ஜிஎல்-5, அதுல இருக்கிற கந்தகம் வெண்கலத்த அரிச்சிடும்னு பயமா இருக்கு.