புங்கமரத்தடிக் காளான்கள்: ஓர் அங்கன்வாடியின் ஐப்பசி நாட்குறிப்பு

21 அக்டோபர், திங்கள்

சனிக்கிழமை இரவு பிடித்த மழை ஞாயிறு மாலைதான் விட்டது. இன்று காலை எட்டரை மணிக்கு மையத்தைத் திறந்தபோது, சறுக்குமரத்துக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே உள்ள மண்ணில் வெள்ளைக் காளான்கள் வட்டம் கட்டினாற்போல் முளைத்திருந்தன. எண்ணிப் பார்த்தேன்; 17 இருந்தன. சில இன்னும் விரியாமல் முட்டை போல நின்றன. விரிந்தவற்றில் பெரியது, பிள்ளைகள் சாப்பிடும் தட்டில் பாதி அகலம் இருக்கும். வெண்மையான குடையின் மேல் தவிட்டுத் துணுக்குகள் போலப் பழுப்புச் செதில்கள் ஒட்டியிருந்தன. நடு உச்சியில் அவை ஒன்றுசேர்ந்து ஒரு பொட்டாகத் தெரிந்தன. தண்டைச் சுற்றி மோதிரம் போல ஒரு சவ்வு இருந்தது. குச்சியால் தள்ளினால் அது மேலும் கீழும் நகர்ந்தது.

மேலூர்ப் பக்கத்து ஊர்களில் மழைக்குப் பின் காளான் முளைப்பது புதிதல்ல. ஆனால் 2 வயது முதல் 6 வயது வரையுள்ள 22 பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இவ்வளவு முளைத்து நான் பார்த்ததில்லை. இன்று எடை பார்க்கும் நாளானதால் தாய்மார்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சறுக்குமரத்தின் அடியில் இருந்தவற்றை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். மீதியை நாளை காலை முதல் வேலையாக எடுத்துவிட வேண்டும்.

22 அக்டோபர், செவ்வாய், இரவு, மருத்துவமனையிலிருந்து

அந்த மீதியை நான் நேற்றே எடுத்திருக்க வேண்டும்.

காலையில் வெளியே விட்டபோது நான்கு பெண் பிள்ளைகள் புங்கமரம் இருந்த இடத்தில் சொப்புச் சமையல் செய்துகொண்டிருந்தார்கள். கொட்டாங்கச்சியில் மணல் சோறு, வேப்பிலைக் கீரை, அதன் பக்கத்தில் பிய்த்துப் போட்ட வெள்ளைத் துண்டுகள். அது என்னவென்று எனக்கு உறைப்பதற்குள் நான்கு வயதுக் குழந்தை ஒருத்தி, "டீச்சர், காளான் கறி, நல்லா இருக்கு" என்று சொல்லி மென்றாள். கீழ்ப்பல் இடுக்கில் வெள்ளையாக ஒரு நார் ஒட்டியிருந்தது. மணி 11:20.

ஈரத்துணியைச் சுற்றிய விரலால் வாயைத் துடைத்தெடுத்து, கொப்பளிக்க வைத்தேன். உதவியாளர் அக்கா பதறிப்போய் உப்புத்தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். வாந்தி வரவழைத்தால் குழந்தைக்கு நல்லது என்றுதான் அவருடைய தாயும் பாட்டியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுக்க விடவில்லை. வலிந்து வரவழைக்கும் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம், சின்னக் குழந்தைக்கு அளவுக்கு மீறிய உப்பே நஞ்சாகலாம் என்று பயிற்சியில் சொன்னது நினைவிருந்தது. மற்ற மூவரின் வாயையும் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தன. மீந்த துண்டுகளோடு, வேர்ப்பக்கம் அறுபடாமல் தோண்டியெடுத்த ஒரு முழுக் காளானையும் நாளிதழில் சுற்றிக்கொண்டேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் அது வியர்த்து அழுகி, பார்ப்பவருக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும்.

வழியிலிருந்த ஒரு மருத்துவமனையில், "இப்போது ஒன்றும் இல்லையே, வாந்தி எடுத்தால் கூட்டி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத் திரும்பியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். 108-ஐ அழைத்து மதுரைக்கு வந்தோம். வண்டி ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை பின்னால் போகும்போது முதல் வாந்தி. மணி 1:10 இருக்கும். அதன்பின் மாலை வரை வாந்தியும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வந்தன. இப்போது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. அவளுடைய அம்மா கட்டிலின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருக்கிறார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

23 அக்டோபர், புதன்

விடியற்காலையில் வாந்தி நின்றது. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் குடித்தாள். பிறகு பிஸ்கட் கேட்டாள்.

இரவுப் பணியில் இருந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னவற்றை மறக்காமல் எழுதி வைக்கிறேன். காளான் நஞ்சில் உடனே தொல்லை கொடுப்பதைவிடத் தாமதமாகத் தொல்லை கொடுப்பதே ஆபத்தானது. ஓரிரு மணி நேரத்தில் வாந்தி வந்தால் பெரும்பாலும் அது குடலைப் புண்படுத்தும் வகை. உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் தேறிவிடலாம், ஆனால் சின்னக் குழந்தைக்கு நீர் வற்றுவதே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். கல்லீரலைத் தாக்கும் அமாடாக்சின் என்ற நஞ்சுள்ள காளான்களோ, சாப்பிட்டு 6 மணி முதல் 24 மணி நேரம் வரை எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். பிறகு கடுமையான வயிற்றுப்போக்கு வரும்; அதுவும் ஒரு நாள் அடங்கி, பிள்ளை எழுந்து உட்கார்ந்து, வீட்டார் நிம்மதியாகிற நேரத்தில் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சள் காமாலையாக வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

சீக்கிரமே வாந்தி வந்ததால் இது முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்றாலும், இரண்டு வகைக் காளானையும் கலந்து தின்றிருக்க வாய்ப்புண்டு என்பதால் நேற்று எடுத்த கல்லீரல் இரத்தப் பரிசோதனையை இன்றும் நாளையும் திரும்ப எடுக்கிறார்கள். இன்றைய முடிவு இயல்பாக இருக்கிறது. நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்த காளானைப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டு வந்தது பெரிய உதவி" என்றார் மருத்துவர்.

24 அக்டோபர், வியாழன்

மூன்றாம் பரிசோதனையும் நன்றாக வந்து, மாலையில் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஊர் பயந்துபோயிருக்கிறது. இன்று மையத்துக்கு வந்தவர்கள் 9 பிள்ளைகள் மட்டுமே. காளானைத் தொட்டாலே கை வெந்துவிடும், அதன் மேல் அடித்த காற்றைச் சுவாசித்தாலே காய்ச்சல் வரும் என்றெல்லாம் பேச்சு பரவிவிட்டது. வாசலில் நின்ற தாய்மார்களிடம் தொட்டால் நஞ்சு ஏறாது, வயிற்றுக்குள் போனால்தான் தீங்கு, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. பயம் இருக்கட்டும், ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

மையத்துக்கு எதிர்வீட்டுப் பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இடி இடித்த மறுநாள் பொட்டலில் கறையான் புற்றுகளைச் சுற்றிப் புற்றுக்காளான் பறித்து வந்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுபவர். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை: "நாங்க காலங்காலமாத் திங்கிறோமே தாயி, எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவர் சொல்வது பொய்யல்ல. புற்றுக்காளானைக் கறையான்கள் புற்றுக்குள் பயிர் செய்கின்றன. மென்ற இலைதழைகளைக் கொண்டு கூடு போன்ற ஒரு தோட்டம் அமைத்து, அதில் பூசணத்தை வளர்த்து உண்கின்றன. மழையில் அதுவே புற்றிலிருந்து நீண்ட வேர் போன்ற தண்டோடு மேலே வருகிறது. பாட்டி அந்தத் தண்டைப் பார்த்துத்தான் பறிக்கிறார். ஆனால் அவருடைய பேத்தி பார்ப்பது வெள்ளைக் குடையை மட்டும். வீட்டில் குடை போல வந்தது கறியானது; பள்ளியில் குடை போல முளைத்ததும் கறியாகும் என்று நான்கு வயது மனம் முடிவு செய்வதில் என்ன தவறு? இவ்வளவு காலம் இந்த ஊரில் வேலை பார்த்தும் இந்த ஒரு கோணம் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

பழகிய கைகளும் ஏமாறுவதுண்டு. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் சில நாள்களுக்குள் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர், காளான் பறித்துப் பழகியவர்கள். இதைச் சொன்னபோது பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மஞ்சள் போட்டு வேகவைத்தால் நஞ்சு முறியும், வெள்ளிக் கரண்டி கறுத்தால் மட்டுமே நஞ்சு, பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்று அங்கே கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எதுவுமே உண்மையில்லை. நத்தை தின்று உயிரோடிருக்கும் காளான் மனிதனைக் கொல்லும்.

25 அக்டோபர், வெள்ளி

காலையிலேயே குழந்தைகளின் தந்தையர் சிலர் குருணை மருந்து மூட்டையோடு வந்துவிட்டார்கள். திடல் முழுக்கத் தூவினால் புல்பூண்டு எதுவும் முளைக்காது என்றார்கள். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். வயலில் பூச்சிக்குப் போடும் குருணை மருந்தால் காளான் சாகாது. அதே மண்ணில் உட்கார்ந்து, அதே மண் ஒட்டிய விரலைச் சூப்பும் குழந்தைதான் சாகும். பக்கத்து வீட்டு அண்ணனிடம் இவ்வளவு கடுமையாக நான் பேசியதில்லை. "கோவிச்சுக்காதீங்கண்ணே" என்று பிறகு போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சுண்ணாம்புத் தூளும் வேண்டாமென்றேன். காற்றில் பறந்து கண்ணில் விழுந்தால் பார்வைக்கே கேடு.

மதியத்துக்கு மேல் மீண்டும் கனமழை. எல்லாரையும் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

28 அக்டோபர், திங்கள்

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய அம்மா வீட்டுக் கொட்டகையில் வைக்கோல் பாத்தி கட்டிப் பால்காளான் வளர்த்து விற்பவர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்ற பால்காளான் வகையைப் பற்றி எனக்குச் சொன்னவரே அவர்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்த மகள், திடலிலிருந்து நன்றாக விரிந்த ஒரு காளானை எடுத்து, தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான அட்டையின் மேல் குடையைக் கவிழ்த்து, மேலே ஒரு எவர்சில்வர் டம்ளரை மூடி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது, அடிப்பக்கத் தகடுகளின் அச்சு, பூவிதழ்க் கோலம் போல, பாசிப்பயறு மாவின் நிறத்தில் அட்டையில் படிந்திருந்தது.

காளானின் வித்துத்தூள் இப்படிப் பச்சையாக இருப்பது அரிதாம். வெள்ளைக் குடையும் பழுப்புச் செதிலும் நகரும் வளையமும் பச்சை வித்துத்தூளும் சேர்ந்தால் அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்றாள். மழைக்குப் பின் புல்தரைகளிலும் பூங்காக்களிலும் முளைக்கும் இது, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டிப் போடும். இளசாக இருக்கும்போது தகடுகள் வெள்ளையாகவே இருப்பதால் பச்சை நிறத்தை நம்பி ஒதுக்கவும் முடியாது. அடையாளம் தெரிந்த பிறகும் நான் ஒன்றில் உறுதியாக இருக்கிறேன்: பிள்ளைகளுக்கு நல்லது எது கெட்டது எது என்று பிரித்துக் கற்பிக்கப் போவதில்லை. மண்ணில் முளைத்தது எதுவானாலும் டீச்சரிடம் காட்டாமல் வாயில் வைக்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் தினமும் சொல்லப்போகிறேன்.

வட்டமாக முளைத்ததற்கான காரணத்தையும் அவள் சொன்னாள். நாம் பார்க்கும் குடை மாங்காய் போன்றது. மரம் மண்ணுக்குள் நூல்நூலாகப் படர்ந்திருக்கிறது. மட்கும் பொருளைத் தின்றபடி நடுவிலிருந்து வெளிப்புறமாக நகர்வதால் விளிம்பில் குடைகள் வளையமாக எழுகின்றன. அப்போதுதான் எனக்கு அந்தப் புங்கமரம் நினைவுக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மரத்தை வெட்டிய ஒப்பந்ததாரர் அடிக்கட்டையைத் தோண்டியெடுக்காமல், சிராயையும் சருகையும் அப்படியே விட்டு, மேலே இரண்டு டிராக்டர் மண்ணைக் கொட்டிச் சமன் செய்துவிட்டுப் போனார். வளையத்தின் நடுவில் கடப்பாரையை இறக்கினால் ஒரு முழ ஆழத்தில் மெத்தென்று இறங்குகிறது.

4 நவம்பர், திங்கள்

தீபாவளி விடுமுறையில் ஊராட்சியில் பேசி, நூறு நாள் வேலைப் பெண்கள் நால்வரும் குருணை மருந்து கொண்டுவந்த அந்த அண்ணனுமாகக் கட்டையைத் தோண்டி எடுத்தோம். மரம் கைப்பிடியில் பஞ்சு போல் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை நூல்கள் சிலந்தி வலை போல ஓடின. அந்த மண்ணையும் சேர்த்து அள்ளிவிட்டு ஆற்றுமணல் நிரப்பினோம். இன்னும் ஓரிரு மழைக்கு ஓரத்தில் முளைக்கத்தான் செய்யும் என்று அந்தப் பெண் எச்சரித்திருக்கிறாள்.

கதவின் உட்புறத்தில் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண்ணை, 1800 116 117 என்று, உதவியாளர் அக்காவும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதி ஒட்டினேன். அதன் கீழே: வாந்தி வரவழைக்காதே, மிச்சத்தைத் தாளில் சுற்று, சாப்பிட்ட நேரத்தைக் குறி.

அந்தக் குழந்தை இன்று மையத்துக்கு வந்தாள். அம்மா அவள் கையை விடாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம், "காலையில நீங்க பாக்கும்போது நானும் வந்து பாக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். குழாயடியில் முளைத்திருந்த மூன்றை இருவருமாகக் கையுறை போட்டுப் பிடுங்கிக் குழியில் மூடினோம். நாளையும் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.