பொங்கல் கரும்பும் ஸூக்கோவின் தழும்பும்

2008 பொங்கலுக்கு அப்பா சிங்கப்பூர்த் தேக்காவில் கரும்பு வாங்கி, எம்ஆர்டி ரயிலில் கொண்டுவர வசதியாக இரண்டாக வெட்டி, ஈசூன் வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். பூசை முடிந்த அரை மணி நேரத்தில் அதில் ஒரு துண்டைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், ஒன்பதாவது மாடித் தாழ்வாரத்தில் என் தம்பி அதைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருக்கிறான். ஏழு வயது. நெற்றியில் நீலப் பேனாவால் வரைந்த அம்புக்குறி. "சாமிக்கு வச்ச கரும்புடா, அதை வச்சுக்கிட்டு யாரோட சண்டை போடுற?" என்று ஆத்தா கேட்க, "சண்டை இல்லாத்தா, பறக்கப் போறேன்" என்றான். ஆத்தாவுக்கு உயிர் போய் வந்தது.

அன்றைக்கு அவன் ஏங். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூனின் நாயகன், காற்றை ஆளும் பன்னிரண்டு வயதுப் பையன். 2005 பிப்ரவரியில் தொடங்கி 2008 ஜூலையில் முடிந்த தொடர், மொத்தம் 61 பகுதிகள். தம்பிக்காக டிவி முன்னால் உட்கார்ந்த நான், அவனைவிட மோசமாக அதில் விழுந்தேன். காரணம், கால்கள். ஆறு வயதிலிருந்து பரதம் கற்றவள் நான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் முதலில் பாதத்துக்குத்தான் போகும். அந்தக் கார்ட்டூனில் ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு உடம்பு இருந்தது. நீருக்குத் தாய் சி, மண்ணுக்கு ஹங் கார், நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா. நிஜத் தற்காப்புக் கலை ஆசான் ஒருவரை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியையும் வரைந்திருந்தார்கள். மண்ணை ஆளுகிறவன் நிற்கும் நிலை எங்கள் அரைமண்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. இடுப்பு இறங்கி, முட்டி விலகி, எடை முழுக்கத் தரையில். ஓர் உதை, ஒரு பாறை. என் குரு தட்டுக்கழியைத் தட்டிக்கொண்டே சொல்வார், "தட்டினா தரைக்கு வலிக்கணும், உன் முட்டிக்கு வலிக்கக் கூடாது." அதை டிவியில் பார்த்த மாதிரி இருந்தது.

2010ல் அது நிஜ ஆட்கள் நடிக்கும் படமாக வந்தபோது எங்கள் வீட்டில் தனிப் பெருமை. இயக்குநர் எம். நைட் ஷ்யாமளன் மாஹேயில் பிறந்தவர், அம்மா தமிழர். "நம்ம பிள்ளை எடுத்த படம்" என்று அப்பாவே டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தார். ஈசூன் தியேட்டரில் முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். தம்பிக்கு அப்போது ஒன்பது.

கார்ட்டூனில் கட்டாராவும் அவள் அண்ணன் சொக்காவும் பனிப் பிரதேசத்துப் பிள்ளைகள். மாநிறம். அவர்களுடைய கம்பளி உடை, தோணி, கூடாரம் எல்லாமே இன்யூட் மக்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. படத்தில் அந்த உடையும் தோணியும் இருந்தன, உள்ளே வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள். கதையின் எதிரிகளான நெருப்பு நாட்டுக்காரர்கள் வந்தார்கள். இளவரசன் ஸூக்கோவாகத் தேவ் படேல், தளபதி ஸாவோவாக ஆஸிஃப் மாண்ட்வி, பின்னால் நிற்கும் படைவீரர்கள் பலரும் நம் நிறம். கால்வாசிப் படம் ஓடியிருக்கும். தம்பி என் கையைச் சுரண்டினான்.

"அக்கா, நம்ம மாதிரி இருக்கிறவங்க எல்லாம் ஏன் நெருப்பு ஆளுங்களா இருக்காங்க?"

"சும்மா பாருடா" என்றேன். எனக்கு அப்போது பதினேழு வயது. வேறு பதில் தெரியவில்லை. அந்தச் "சும்மா பாருடா" இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

அதே படத்தில் கைதிகள் காட்சி ஒன்று உண்டு. கார்ட்டூனில் மண் வித்தைக்காரர்களை நடுக்கடலில் இரும்பு மேடையில் அடைத்து வைத்திருப்பார்கள். சுற்றி ஒரு பிடி மண் கிடையாது. அதனால்தான் அவர்கள் உடைந்துபோயிருப்பார்கள், அதனால்தான் கட்டாரா அவர்களுக்கு நிலக்கரி கிடைக்க வழி செய்யும்போது நமக்குச் சிலிர்க்கும். படத்தில் சிறையே தரையில்தான் இருக்கிறது. கைதிகள் மண்ணின் மேல் நின்றுகொண்டு, தங்களிடம் மண் இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள், ஏங் வந்து எடுத்துச் சொல்கிறான். பிறகு சிலர் வரிசையாக நின்று கைகாலை நீட்டி மடக்கி ஒரு நீண்ட நடனம் ஆட, ஒரு சின்னக் கல் மெதுவாக மிதந்து போகிறது. அத்தனை ஜதிக்கும் ஒரு கல்! அந்த நடனத்தில் ஒருவருடைய எடையும் தரையில் இறங்கவில்லை. ஆடுகிறவளாகச் சொல்கிறேன், எனக்கு அங்கேதான் படம் செத்தது.

பெயர்களிலும் ஒரு சிக்கல். கார்ட்டூனில் நாயகனை 'ஏங்', ஸூக்கோவின் பெரியப்பாவை 'ஐரோ' என்பார்கள். படத்தில் அவை 'ஆங்', 'ஈரோ' ஆயின. ஆசியப் பெயரை ஆசிய வாயால் சொல்லவேண்டும் என்ற எண்ணம் எனக்குப் புரியாமல் இல்லை. என் பெயரில் ழகரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போதெல்லாம் அது நசுங்கும். எழுந்து நின்று திருத்தியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். பெயரைச் சுமக்கிறவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படித்தான் மற்றவர்களும் சொல்லவேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்தக் கணக்கில் பார்த்தால், 61 பகுதிகளிலும் அந்தப் பையன் தன்னை என்ன சொல்லி அழைத்துக்கொண்டானோ அதுதானே அவன் பெயர்? தம்பிக்கு அது தோழனின் பெயர். திரையில் யாரோ அதை வேறு மாதிரிக் கூப்பிட்டபோது அவன் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

ஆனால் எனக்கு உண்மையாகவே ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஸூக்கோ கெட்டவனே கிடையாது. போர்க்கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த படைவீரர்களைப் பலிகொடுப்பது தப்பு என்று வாய் திறந்ததற்காகப் பெற்ற அப்பாவே பதிமூன்று வயதில் முகத்தைச் சுட்டு நாடு கடத்திய பிள்ளை அவன். இடது கண்ணைச் சுற்றிய அந்தத் தழும்போடு மூன்று பருவம் அலைகிறான். தப்பு செய்கிறான், திருந்தப் பார்க்கிறான், மறுபடி வழுக்குகிறான். மூன்றாம் பருவத்தில்தான் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று பேசிவிட்டு ஏங்கிடம் வருகிறான். கடைசியில், தான் துரோகம் செய்த பெரியப்பா ஐரோவின் கூடாரத்தில், அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்குவான். பாதி வாக்கியத்திலேயே அவர் இழுத்துக் கட்டிக்கொள்வார். பதினாறு பதினேழு வருடமாகியும் அந்த இடம் வந்தால் நானும் தம்பியும் பேசமாட்டோம்.

2010 படம் மூன்று பாகங்களாகத் திட்டமிட்டது. ஒன்றோடு நின்றுபோனது. நெருப்பு நாட்டுக்காரர்களுக்கு நம் முகத்தைக் கொடுத்தவர்கள், அந்த முகம் திரும்பிய கதையைக் கொடுக்கவே இல்லை. கறுத்த பையன் வில்லனாக வந்தான், வில்லனாகவே விட்டுவிட்டுப் போனார்கள். நடிகர் தேர்வையும் கதைக்கு உண்மையாக இருப்பதையும் தனித்தனியாகப் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். யாருக்கு எந்த முகம் என்று முடிவு செய்யும்போதே, யாருக்குத் திருந்த இடமிருக்கிறது என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 2019ல் இங்கே மின்னியல் முறையில் பணம் செலுத்தும் சேவைக்கு ஒரு விளம்பரம் வந்தது. சீன நடிகர் ஒருவரே எல்லா இனத்தவராகவும் வேடம் போட்டிருந்தார். தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு நின்ற படத்தில் அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் கே. முத்துசாமி. எங்கள் தாத்தா பெயரும் முத்துசாமிதான். அன்றைக்குத் தம்பி அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

2024 பிப்ரவரி 22 அன்று நெட்ஃபிளிக்ஸில் புதிய தொடர் எட்டுப் பகுதிகளாக வந்தது. மூலத்தை உருவாக்கிய மைக்கேல் டான்டே டிமார்டினோவும் பிரையன் கோனியெட்ஸ்கோவும் 2020லேயே விலகிவிட்டதால் எனக்குப் பயம் இருந்தது. தம்பி தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பழைய கூடத்தில், முறுக்கு டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு பார்த்தோம். கட்டாராவாக நடித்த கியாவென்டியோ மோஹாக் இனத்துப் பெண். ஐரோவாகக் கொரிய வம்சாவளியினரான பால் ஸன்-ஹ்யுங் லீ. டல்லாஸ் லியூ ஸூக்கோவாக வந்து நின்றபோது தம்பி "இவன்தான்" என்றான், அவ்வளவுதான். பூமி என்ற பெயர்கொண்ட ராஜாவாக இந்திய வம்சாவளியினரான உத்கர்ஷ் அம்புத்கர் வந்ததும், "அக்கா, பூமி நம்ம ஆளு!" என்று கத்தினான். பூமி என்றால் தமிழிலும் பூமி, மலாயிலும் பூமி. சின்ன வயதில் அந்தப் பெயருக்காகவே எங்களுக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் கார்ட்டூனில் விஷமச் சிரிப்போடு விடுகதை போடும் கிழவர், இங்கே நூறு வருடக் கோபத்தில் கசந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆள் கிடைத்தும் பூமி கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. பிள்ளைகளின் குற்றங்களைத் துடைத்துவிட்டார்கள். கார்ட்டூனில் ஏங் மடத்தைவிட்டு ஓடிப்போகிறான். தன்னை வளர்த்த கியாட்ஸோவிடமிருந்து பெரியவர்கள் பிரிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பயந்து ஓடுகிறான். அவன் இல்லாதபோதுதான் அத்தனை பேரும் சாகிறார்கள், அந்தப் பாரம்தான் கதை முழுக்க அவனை அழுத்தும். புதிய தொடரில் மனசை ஆற்றிக்கொள்ளக் கொஞ்சம் பறந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறான். சொக்காவின் ஆண் திமிரையும் குறைத்துவிட்டார்கள். கார்ட்டூனில் அவன் பெண்கள் சண்டை போடுவதா என்று சிரிப்பான், கியோஷித் தீவுப் பெண் வீரர்களின் தலைவி ஸுகியிடம் உதை வாங்குவான், பிறகு மண்டியிட்டுக் கற்றுக்கொடுக்கக் கேட்பான். அவர்களுடைய பாவாடை, முகப்பூச்சு, விசிறி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டுதான் கற்கவேண்டும் என்பாள் அவள்.

என் தம்பி அதுவரை, "டான்ஸ் பொம்பளப் பிள்ளைங்க வேலை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்தப் பகுதி ஓடிய வாரம், ஆத்தாவின் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்றான். "எப்படிக்கா நிக்கணும்?" அரைமண்டி சொல்லிக்கொடுத்தேன். இருபது எண்ணுவதற்குள் தொடை நடுங்கியது, விடவில்லை. சொக்கா முதலிலேயே நல்ல பிள்ளையாக இருந்திருந்தால் என் தம்பி எதைப் பார்த்து அந்த விசிறியை எடுத்திருப்பான்?

அதற்காக வரிக்கு வரி அப்படியே எடுக்கச் சொல்கிறவள் இல்லை நான். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு இடங்களும் கார்ட்டூனில் இல்லாதவை. ஒன்று, ஐரோவின் மகனுடைய இறுதிச் சடங்கு. வந்தவர்கள் எல்லாம் சம்பிரதாயமாகத் துக்கம் கேட்டுவிட்டுப் போக, சின்னப் பையன் ஸூக்கோ பக்கத்தில் வந்து உட்காருகிறான். கார்ட்டூனில் ஐரோ மகனுக்காக மரத்தடியில் பாடும் அந்தப் பாட்டு பின்னணியில் வாத்தியத்தில் வருகிறது. முதலில் ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006ல் இறந்தார், அந்தப் பாட்டு வரும் பகுதியை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார்கள். மெட்டு தொடங்கியதும் தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். இன்னொன்று, ஸூக்கோ காப்பாற்றச் சொன்ன அதே 41ஆம் படைப்பிரிவினர்தான் அவனுடைய கப்பலில் இருக்கிறார்கள் என்று காட்டிய இடம். உண்மை தெரிந்ததும் அவர்கள் அவனுக்கு வணக்கம் வைத்து நிற்பார்கள். மூலத்தில் இல்லாத காட்சி, ஆனால் ஸூக்கோவை உள்ளங்கையில் வைத்துப் படித்தவர்களால்தான் அதை எழுத முடியும்.

'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையை நிஜ ஆட்களை வைத்து எடுத்த தொடரில் இளவரசி விவியாகச் சரித்ரா சந்திரனைத் தேர்ந்தெடுத்தபோது, அவர் தமிழ்ப் பெற்றோரின் மகள், வரைந்த விவியைவிடக் கறுப்பு என்று சிலர் குறை சொன்னார்கள். "கட்டாராவுக்கு மட்டும் நிறம் வேணும்னீங்க, இப்ப?" என்று தோழி ஒருத்தி என்னைக் கேட்டாள். நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். கட்டாராவின் நிறத்தை எடுத்தால் ஒரு மக்களின் உடை மட்டும் மிஞ்சி, மக்கள் இல்லாமல் போகிறார்கள். விவி பாலைவன நாட்டு இளவரசி. தன் நாட்டைக் காப்பாற்ற எதிரிக் கூட்டத்துக்குள்ளேயே வேடமிட்டு நுழைந்தவள். அந்தத் தவிப்பைச் சுமக்கத் தெரிந்த முகம் கறுப்பாக இருந்தால் விவியிடமிருந்து எதுவும் குறைவதாக எனக்குத் தெரியவில்லை. தோழி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவதார் இரண்டாம் பருவத்துக்கு டோஃப் வேடத்தில் மியா செக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டோஃபுக்குப் பார்வை கிடையாது. வெறுங்காலில் நின்று, தரையின் அதிர்விலேயே உலகத்தைப் பார்க்கிறவள். அவள் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான்: பாதத்தைக் காட்டுங்கள், எடை இறங்குவதைக் காட்டுங்கள்.

சனிக்கிழமை வகுப்பில் என் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தரையில் கால் ஊன்றி நிற்கவேண்டும். ஒருவர் மட்டும் தட்டுவார், யார் என்று சொல்லவேண்டும். போன வாரம் நான் சத்தமில்லாமல் எழுந்து, வரிசைக்குப் பின்னால் போய் ஒரு தட்டு தட்டினேன். எட்டு வயதுக்காரி ஒருத்தி திரும்பக்கூட இல்லை. கண் மூடியபடியே சொன்னாள், "அது நீங்க டீச்சர். வலது கால்."